திருப்புளியும் ஈயக் குண்டும்

வேலூர்க் கோட்டை 1806-ல் கேட்ட கேள்விக்குப் பதில் எங்கே?

ஆம்பூர் என்றதும் பிரியாணி நினைவுக்கு வரும். அடுத்தபடியாகச் செருப்பும் பூட்சும் நினைவுக்கு வரும். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டி வரிசையாக இருக்கும் ஊர்கள் எல்லாம் தோலால் பிழைக்கும் ஊர்கள். இந்தத் தோல் நாட்டின் கதையில் ஈயத்துக்கும் ஓர் இடம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

1749-ம் ஆண்டு ஆகஸ்டு 3-ந் தேதி. ஆம்பூரில் ஒரு பெரும் சண்டை நடந்தது. ஒரு பக்கம் ஆற்காட்டு நவாப் அன்வருதீன் கான். மறுபக்கம் சந்தா சாகிப், முசாபர் ஜங், அவர்களுக்குத் துணையாகப் பிரெஞ்சுப் படை. நவாப் யானை மீது அமர்ந்து போரை நடத்தினார். அவருக்கு நூறு வயதுக்கு மேல் இருக்கும் என்று சரித்திர ஆசிரியர் ஆர்ம் எழுதி வைத்திருக்கிறார். பிரெஞ்சுப் படையில் இருந்த ஓர் ஆப்பிரிக்கச் சிப்பாயின் துப்பாக்கியிலிருந்து ஒரு குண்டு பாய்ந்தது. நவாப் யானையிலிருந்து சாய்ந்தார். அவர் மகன் முகம்மது அலி திருச்சிக்கு ஓடினார். கர்நாடகத்து அரசுரிமைக்காக ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஆண்டுக் கணக்கில் மோதிக்கொள்ள அந்த ஒரு குண்டு வழி திறந்துவிட்டது.

அந்தக் குண்டு எப்படி இருந்திருக்கும்? கோலிக்குண்டு மாதிரி உருண்டையாக இருந்திருக்கும். வெறும் ஈயம். அதில் ஒரு கோடோ பள்ளமோ கிடையாது. அடுத்த நூறு ஆண்டுகளில் அந்த உருண்டை நீண்டது. கூம்பு வடிவம் பெற்றது. இடுப்பில் வளையம் வளையமாகக் காடி பெற்றது. காடி ஏன் வந்தது, அதில் எதைத் தடவினார்கள் என்று பார்த்தால், பார்வை ஆம்பூரிலிருந்து பக்கத்து ஊரான வேலூர்க் கோட்டைக்கே வந்து நிற்கிறது.

வார்ப்பும் அழுத்தமும்

ஈயம் மெத்தென்ற உலோகம். 327 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் உருகிவிடும். அடுப்பும் இரும்புக் கரண்டியும் இருந்தால் பாளையத்திலேயே உருக்கலாம். இரண்டு பாதியாகத் திறந்து மூடும் அச்சில் ஊற்றி, ஆறியதும் திறந்தால் குண்டு தயார். நெடுங்காலம் உலகம் முழுவதும் இதுதான் வழக்கம்.

வார்ப்பில் ஒரு குறை உண்டு. உருகிய ஈயம் ஆறும்போது சுருங்கும். சில குண்டுகளுக்குள் கண்ணுக்குத் தெரியாத காற்றுக் குழி விழுந்துவிடும். வெளியே பார்த்தால் நல்ல குண்டு. சுட்டால் கோணலாகப் போகும். இதற்கு மாற்றாக வந்ததுதான் அழுத்தி எடுக்கும் முறை. முறுக்கு நாழியில் மாவைப் பிழிவது போல, பெரும் அழுத்தத்தில் ஈயத்தைக் கம்பியாகப் பிழிந்தெடுப்பார்கள். கம்பியைத் துண்டு துண்டாக நறுக்குவார்கள். ஒவ்வொரு துண்டையும் உருக்கு அச்சுக்குள் வைத்து மேலிருந்து ஓர் உருக்குத் தண்டால் அழுத்துவார்கள். சூடு வேண்டாம், ஈயம் அச்சின் மூலை முடுக்கெல்லாம் தானே பரவி நிற்கும். உள்ளே குழி இருக்காது. எடையும் ஒன்றுக்கொன்று மாறாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தின் வுல்விச் ஆயுதச்சாலையில் இதை யந்திரங்களே செய்தன.

ஆனால் அழுத்தும் முறைக்கு ஒரு சங்கடம் உண்டு. வார்ப்பு அச்சு இரண்டாகத் திறக்கும். குண்டில் காடி இருந்தாலும் சுலபமாக எடுத்துவிடலாம். அழுத்தும் அச்சு பெரும்பாலும் ஒரே துண்டு. குண்டைக் கீழிருந்து தள்ளித்தான் வெளியேற்ற வேண்டும். இடுப்பில் காடி இருந்தால் அது அச்சில் மாட்டிக்கொள்ளும். ஆகவே முதலில் வழவழப்பாக அழுத்தி எடுத்து, பிறகு உருட்டிக் காடி பதிக்க வேண்டும். இல்லாவிட்டால் அச்சையே பிளந்து திறக்கும்படி செய்ய வேண்டும். எதுவானாலும் ஒரு வேலை கூடுதல்.

காடி எதற்கு?

தச்சர் பலகையில் காடி எடுப்பது இன்னொரு பலகையைப் பொருத்துவதற்கு. ஈயக் குண்டில் காடி எடுத்ததற்கு இரண்டு காரணங்கள்.

பழைய துப்பாக்கியின் குழல் உட்புறம் வழவழப்பாக இருக்கும். உருண்டைக் குண்டு அதற்குள் ஆடிக்கொண்டே வெளியேறும். நூறு கஜத்துக்கு அப்பால் குறி தப்பினால் சிப்பாயைக் குறை சொல்ல முடியாது. பிறகு குழலின் உள்ளே புரி வெட்டிய ரைபிள் வந்தது. குண்டு புரியைப் பற்றிச் சுழன்று வெளியேறினால் நேராகப் போகும். ஆனால் புரியைப் பற்றும் அளவுக்கு இறுக்கமான குண்டை முன்வாய் வழியாக இடித்து இறக்குவது பெரும்பாடு.

1849-ல் பிரெஞ்சு அதிகாரி மினியே ஒரு வழி கண்டார். அடியில் குழிவான நீளக் குண்டு அது. போடும்போது தளர்வாக இறங்கும். வெடிக்கும்போது அதன் அடிப்பாகம் விரிந்து புரியைப் பற்றிக்கொள்ளும். இன்னொரு பிரெஞ்சு அதிகாரியான தமிசியே, குண்டின் பின்பகுதியில் வளையக் காடி வெட்டினால் அம்பின் வாலில் இறகு வைத்தது போல நிதானமாகப் பறக்கும் என்று காட்டினார். அது முதல் காரணம்.

இரண்டாவது காரணம் மசகு. வெடி மருந்தின் கரி குழலில் படிந்தால் அடுத்த குண்டு இறங்காது. கொழுப்பும் மெழுகும் கலந்து தடவினால் கரி இளகும். அந்தக் கொழுப்பு தங்குவதற்குக் காடி நல்ல இடம். அமெரிக்கர்கள் அப்படித்தான் செய்தார்கள். அவர்களுடைய குண்டில் மூன்று காடி, மூன்றிலும் கொழுப்பு.

ஆங்கிலேயர் வேறு வழியில் போனார்கள். 1853-ல் வந்த என்பீல்ட் ரைபிளுக்கு அவர்கள் தேர்ந்தெடுத்த பிரிட்செட் குண்டுக்குக் காடியே கிடையாது. உடம்பெல்லாம் வழவழப்பு. அப்படியானால் மசகு எங்கே? குண்டைச் சுற்றியிருந்த காகிதத்தின் மேல்! மருந்தும் குண்டும் அடங்கிய காகிதத் தோட்டாவின் ஒரு நுனியைச் சிப்பாய் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும். மருந்தைக் குழலில் கொட்டி, கொழுப்புத் தடவிய மறு நுனியைக் குண்டோடு சேர்த்து உள்ளே தள்ள வேண்டும். கடிக்கும் நுனி வேறு, கொழுப்பு நுனி வேறு என்று அதிகாரிகள் சொல்லலாம். வெய்யிலில் பையில் கிடந்த தோட்டாவில் கொழுப்பு எதுவரை ஊறியிருக்கும் என்று கவலைப்படுகிறவன் கடிக்கிறவன்தான்.

சோதித்தது எதை?

புதிய தோட்டாக்களை உடனே சிப்பாய்களுக்குக் கொடுத்துவிடவில்லை. 1853-ல் முதல் தொகுதி இந்தியாவுக்கு வந்தது. எதற்கு? இந்த நாட்டு வெப்பத்தில் கொழுப்பு உருகுமா, கெடுமா என்று சோதிப்பதற்கு. பைகளில் போட்டுச் சுமக்க வைத்துப் பார்த்தார்கள். கொழுப்பின் உடல்நலத்தை விசாரித்தார்கள். அதைச் சுமந்தவனிடம் விசாரிக்கவில்லை.

ஒருவருக்கு மட்டும் அந்தக் கேள்வி தோன்றியது. வங்காளப் படையின் அட்ஜுடன்ட் ஜெனரலாக இருந்த கர்னல் டக்கர், 1853 டிசம்பரிலேயே எச்சரிக்கை எழுதினார். சாதி ஆசாரத்துக்கு விரோதமான கொழுப்பு இதில் இல்லை என்று நிச்சயமாகத் தெரியாதவரை, வெள்ளைக்காரப் படைகளுக்கு மட்டுமே இதைக் கொடுக்க வேண்டும் என்பது அவர் யோசனை. அந்தக் கடிதத்தால் ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு டம்டம் ஆயுதச்சாலையில் தோட்டா தயாராகத் தொடங்கியது. கொழுப்பைக் குத்தகைக்காரர் கொடுத்தார். அது எந்தப் பிராணியின் கொழுப்பு என்று விசாரித்து வாங்கும் ஏற்பாடு இருக்கவில்லை. பசுவாக இருந்தால் இந்துவுக்கு ஆகாது. பன்றியாக இருந்தால் முஸ்லிமுக்கு ஆகாது. இந்தச் சிறு விஷயம் ஊரில் எந்தக் குழந்தைக்கும் தெரியும். கோப்புகளுக்குத் தெரியவில்லை.

1857 ஜனவரியில் டம்டமில் வதந்தி கிளம்பியது. ஜனவரி 27-ந் தேதி, சிப்பாய்கள் தங்களுக்கு விருப்பமான மசகைத் தாங்களே தடவிக்கொள்ளலாம் என்று அனுமதி வந்தது. எவ்வளவு எளிய பரிகாரம்! தேன்மெழுகும் எண்ணெயும் கடைத்தெருவில் கிடைக்கும் பொருள். நான்கு ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அதோடு தீர்ந்திருக்கும். இப்போது காலம் கடந்துவிட்டது. கொழுப்பு போனதும் சந்தேகம் காகிதத்தின் மேல் விழுந்தது. காகிதம் ஏன் பளபளக்கிறது, அதிலும் ஏதோ கலந்திருக்கிறது என்று பேச்சு பரவியது. மீரத்தில் ஏப்ரல் 24-ந் தேதி 90 குதிரை வீரர்களில் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். அன்று அவர்களுக்கு நீட்டியது பழைய மாதிரித் தோட்டாதான். நம்பிக்கை போன பிறகு பழையது ஏது, புதியது ஏது? மே 10-ந் தேதி மீரத் பற்றி எரிந்தது.

1857-க்குக் காரணம் கொழுப்பு ஒன்றுதான் என்று சொன்னால் அது சரித்திரம் ஆகாது. அயோத்தி ராஜ்யத்தை 1856-ல் கம்பெனி விழுங்கியது ஒரு காரணம். கடல் கடந்தும் சேவை செய்ய வேண்டும் என்று புதிதாகச் சேரும் சிப்பாய்களுக்கு அதே ஆண்டில் வந்த சட்டம் இன்னொரு காரணம். வைக்கோற்போர் வெகு நாளாகக் காய்ந்து கிடந்தது. ஆனால் நெருப்புக் குச்சியைக் கொண்டுவந்து சிப்பாயின் கையில் கொடுத்தவர்கள் யார்?

காடியுள்ள குண்டாக இருந்திருந்தால் தப்பியிருக்குமா? இருக்காது. காடியில் இருந்தாலும் காகிதத்தில் இருந்தாலும் கொழுப்பு கொழுப்புதான். விரல் அதைத் தொட்டே ஆக வேண்டும். பிழை உலோக வேலையில் இல்லை. குண்டு நேராகப் பறக்குமா என்று ஆண்டுக் கணக்கில் கேட்டவர்கள், இதைத் தொடுகிறவன் யார் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. அங்கேதான் பிழை.

வேலூர் முன்பே சொன்னது

இந்தப் பாடம் அவர்களுக்குப் புதிதா? இல்லை. அரை நூற்றாண்டுக்கு முன்பே வேலூர்க் கோட்டையில் ரத்தத்தால் எழுதிக் காட்டப்பட்ட பாடம் அது.

சென்னைப் படையின் தலைமைத் தளபதி சர் ஜான் கிராடக். கவர்னர் வில்லியம் பெண்டிங்க். சிப்பாய்களின் தோற்றம் ஒரே சீராக இருக்க வேண்டும் என்று புதிய விதிகள் வந்தன. அணிவகுப்பில் நெற்றிக் குறி கூடாது. காதில் கடுக்கன் கூடாது. தாடி கூடாது; மீசை ஒரே அளவில் இருக்க வேண்டும். பழைய தலைப்பாகைக்குப் பதில் புதிய தலைப்பாகை; அதில் தோலால் செய்த ஓர் அலங்காரம். போதாக்குறைக்கு மார்பில் ஒரு திருப்புளி. துப்பாக்கியின் சக்கிமுக்கிக் கல்லை இறுக்குவதற்கு வேண்டிய சாமான் அது. அதன் வடிவம் சிலுவையைப் போல இருந்தது.

அதிகாரிகளின் கண்ணுக்குத் திருப்புளி ஒரு கருவி. தோல் ஓர் அலங்காரம். சிப்பாயின் கண்ணுக்கு ஒன்று சிலுவை. மற்றொன்று எந்த மிருகத்தின் தோலோ! மதம் மாற்றப் பார்க்கிறார்கள் என்ற அச்சம் பரவியது.

1806 மே மாதம் வேலூரில் சிப்பாய்கள் தலைப்பாகையை மறுத்தார்கள். கேட்டுக்கொள்ளச் சந்தர்ப்பம் கதவைத் தட்டி வந்தது. கிடைத்த பதில் கசையடி. ஓர் இந்து, ஒரு முஸ்லிம், இரண்டு பேருக்கும் ஆளுக்கு 900 அடி என்று தீர்ப்பாயிற்று.

ஜூலை 10-ந் தேதி விடிவதற்கு முன் கோட்டைக்குள் துப்பாக்கிகள் முழங்கின. கோட்டைத் தலைவர் கர்னல் பான்கோர்ட் உயிரிழந்தார். நூற்றுக்கும் மேற்பட்ட வெள்ளைக்காரர்கள் மாண்டார்கள். திப்பு சுல்தானின் பிள்ளைகள் அதே கோட்டையில்தான் சிறை இருந்தார்கள். கோட்டையில் மைசூர்க் கொடி ஏறியது. ஆற்காட்டிலிருந்து கர்னல் கில்லெஸ்பி குதிரைப் படையோடு பறந்து வந்தார். மதில் மேல் தப்பியிருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களிடம் குண்டு தீர்ந்துபோயிருந்தது. கில்லெஸ்பி கயிற்றைப் பிடித்து மேலே ஏறி, துப்பாக்கி முனைக் கத்திகளை மட்டும் நம்பி அவர்களை நடத்தினார். பிறகு கதவு பிளந்தது, குதிரைகள் புகுந்தன. அன்று மாண்ட இந்தியச் சிப்பாய்கள் பல நூறு பேர். சுமார் நூறு பேர் சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டார்கள்.

அதற்குப் பிறகு தலைப்பாகை விதி ரத்தாயிற்று. கிராடக்கும் பெண்டிங்க்கும் 1807-ல் திருப்பி அழைக்கப்பட்டார்கள். ஆளை மாற்றினார்கள், உத்தரவை மாற்றினார்கள், கேட்காமல் செய்யும் பழக்கத்தை மட்டும் மாற்றவில்லை. அது அப்படியே வடக்கே நடந்து டம்டம் போய்ச் சேர்ந்தது.

எல்லாரையும் கேட்க முடியுமா?

“ஒவ்வொருவனையும் கேட்டுக்கொண்டிருந்தால் படை நடத்த முடியுமா? தொழில் நடத்த முடியுமா?” என்று ஒரு கேள்வி எழும். நியாயமான கேள்விதான். காடி எத்தனை இருக்க வேண்டும், ஈயத்தை எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதை ஓட்டுப் போட்டு முடிவு செய்ய முடியாது. அது தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை. ஆனால் செய்த பொருள் யார் கைக்கும் வாய்க்கும் போகிறதோ, அவர் தம் கையையும் வாயையும் பற்றி அறிந்தது எந்த நிபுணரும் அறியாதது. அங்கே நிபுணர் அவர்தான். அவரைக் கேட்பது தயவும் அல்ல, தாட்சண்யமும் அல்ல. வேலையின் ஒரு பகுதி. வெப்பத்தைச் சோதித்தது போல அதுவும் ஒரு சோதனை.

இதைப் பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. பாலாற்றங்கரையிலேயே இதன் புதிய அத்தியாயம் இருக்கிறது. தோல் பதனிடும் தொட்டிகளில் குரோமிய உப்புக் கரைசல் ஊறுகிறது. தோல் மெத்தென்று வருகிறதா, சாயம் பிடிக்கிறதா, அந்நிய நாட்டுக்காரர் ஏற்பாரா என்று ஆயிரம் சோதனை உண்டு. அந்தக் கரைசலைத் தொடும் கை, கழிவு ஓடும் மண்ணில் கிணறு வைத்திருக்கும் குடியானவர், இவர்களை யார் கேட்டார்கள்?

கேட்க வைத்தது சுப்ரீம் கோர்ட்டு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28-ந் தேதி தீர்ப்பு வந்தது. கெடுத்தவரே ஈடு கொடுக்க வேண்டும், முன்னெச்சரிக்கை வேண்டும், தீங்கு இல்லை என்று காட்டும் பொறுப்பு தொழில் நடத்துகிறவரைச் சேர்ந்தது என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. இந்தக் கடைசி வாக்கியத்தைச் சிப்பாயின் தோட்டாவோடு வைத்துப் பார்க்க வேண்டும். ‘இதில் ஆகாத கொழுப்பு இல்லை’ என்று காட்டும் பொறுப்பு தோட்டா செய்தவர்களுக்கு இருந்திருந்தால்? கர்னல் டக்கர் கேட்டதும் அதைத்தானே! 1806-ல் வேலூர்க் கோட்டை எழுப்பிய கேள்விக்கு, 190 ஆண்டுகளுக்குப் பிறகு வேலூர் என்ற பெயரைத் தாங்கிய வழக்கிலேயே பதில் எழுதப்பட்டது.

எழுதிய பதில் நடைமுறைக்கு வந்ததா? 2015 ஜனவரி இறுதியில் ஓர் இரவு, ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் ஆலைகளுக்கான கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் தொட்டிச் சுவர் இடிந்தது. அருகில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மீது கழிவுச் சேறு பாய்ந்தது. 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்காளத்திலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர்கள். அந்தச் சுவர் எத்தனை சேற்றைத் தாங்கும் என்பது ஒரு கேள்வி. அந்தச் சுவரோரம் படுக்கிறவர் யார் என்பது இன்னொரு கேள்வி. இரண்டாவதை முதலில் கேட்டிருந்தால் அந்த இரவில் அங்கே ஒருவரும் படுத்திருக்க மாட்டார்.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. தொட்டியில் என்ன இருக்கிறது, தொட்டால் என்ன ஆகும் என்று தொழிலாளி படிக்கும் மொழியில் பலகை எழுதி வைக்கலாம். தமிழ் தெரிந்தவருக்குத் தமிழில், வங்காளிக்கு வங்காளியில். புதிய ரசாயனம் வரும்போது அதைக் கையாளப் போகிறவர்களை முதலில் உட்கார வைத்துச் சொல்லலாம். அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதி வைக்கலாம். கையுறை வாங்குவதோடு கடமை தீர்ந்ததாக நினைக்காமல், அதைப் போட்டுக்கொண்டு வேலை செய்ய முடிகிறதா என்றும் விசாரிக்கலாம்.

வேலூர்க் கோட்டையைப் பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகளுக்காகவும் ஒரு காரியம் செய்யலாம். கோட்டைக்குள் அருங்காட்சியகம் இருக்கிறது. அதில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் நான்கு சாமான்களின் மாதிரிகளை வரிசையாக வைக்க வேண்டும். ஆம்பூரில் பாய்ந்தது போன்ற உருண்டைக் குண்டு. காடி வெட்டிய கூம்புக் குண்டு. கொழுப்புத் தடவிய காகிதத் தோட்டா. தோல் வைத்த தலைப்பாகையோடு ஒரு திருப்புளி. கீழே ஒரே ஒரு வரி போதும்: “இவற்றைச் செய்தவர்கள், தொடப் போகிறவர்களைக் கேட்கவில்லை.”

பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அவர்களில் பலருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்த நாள் காலை தோல் ஆலைக்கும் செருப்பு ஆலைக்கும் வேலைக்குப் போகிறவர்கள். அங்கே அவர்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா என்று அந்தப் பிள்ளைகள் விசாரிக்கட்டும்.